சுருட்டாமல் விட்ட படம்

போன மாசம் விருதுநகர்ல எங்க சபை மண்டபத்துல ரெண்டு நாள் கூட்டம் வச்சாக. படம் காட்டி ஊழியம் செய்யுறது எப்படின்னு பயிற்சியாம். முப்பது வருசம் படத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா நடந்த பொம்பளைன்னு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில உக்கார வச்சாக.

சபைக்குப் புதுசா வந்திருக்க போதகர் ஐயரு சின்ன வயசு. சுவர் அகலத்துக்குத் திரை கட்டி, மடியில வச்சிருந்த கம்ப்யூட்டரைத் தட்டினாரு. கிணத்தடியில சமாரியப் பெண். கம்ப்யூட்டரே வரைஞ்சதாம், மனுசக் கையே படலையாம். அதை ஒரு பெருமையாச் சொன்னாரு. படம் வழுவழுன்னு இருந்துச்சு. அவ முகம் கல்யாணத்துக்குக் கிளம்பினவ மாதிரி, இடுப்புல குடம். எல்லாரும் ஆகான்னாக. நான் கிணத்தைப் பார்த்தேன். கயிறும் இல்லை, உருளையும் இல்லை.

"ஐயரே, இவ எதை வச்சு இறைப்பா?"ன்னு கேட்டேன்.

"அம்மா, அது முக்கியமில்லை. செய்திதான் முக்கியம்"னாரு.

தண்ணி இறைச்சு அறியாத கை பேசுற பேச்சு அது. மொள்ள ஒண்ணும் கொண்டாரலையே, கிணறு ஆழமாச்சேன்னு வேதத்துல அவ ஆண்டவருகிட்டயே கேட்கிறா. கதையே அந்தக் கயித்துலதான் தொங்குது. கயித்தை விட்டுட்டுச் செய்தியை மட்டும் மொண்டு குடிக்கப் போறாகளாம்.

கூட்டம் முடிஞ்சதும், சபைச் சிறப்பு மலர் போடுறோம், உங்க ஆசீர்வாத அனுபவங்களை ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்கன்னாக. நான் படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். பிழை திருத்துற டீச்சருகிட்ட எழுத்தைத் திருத்து, சொல்லைத் தொடாதேன்னு சொல்லிருக்கேன். ஆசீர்வாத அனுபவம்னா என்னன்னு எனக்குப் பிடிபடலை. நடந்ததை எழுதுறேன். போடுறதும் போடாததும் அவுக இஷ்டம்.

சின்னதுல சிவகாசியில தீப்பெட்டி ஆபீசுல லேபிள் ஒட்டினேன். பெறகு ஒரு அச்சாபீசுல, காலண்டருக்குப் படம் போடுற ஆர்ட்டிஸ்டுக்குக் கலர்க் கிண்ணம் கழுவினேன். அவரு ஒண்ணும் சொல்லித்தரலை. நான் பார்த்தேன், அம்புட்டுத்தான். புருசன் சீக்கிரம் போயிட்டாரு. மிஷன்ல பைபிள் உமன் வேலைக்கு எடுத்தாக. வீடு வீடாப் போய்ப் பொம்பளைகளுக்கு வேதக் கதை சொல்லுற வேலை. ஆறு மாசம் பயிற்சின்னு வசனம் மனப்பாடம் பண்ண வச்சாக. பண்ணினேன். அதுல எழுத வேற ஒண்ணும் இல்லை.

கையில கொடுத்தது சீமையில அச்சடிச்ச படம். பன்னெண்டு. எல்லாரும் ரோஸ் கலர், எல்லாருக்கும் பூனைக் கண்ணு. நான் போறதுக்கு முந்தியே ஓரமெல்லாம் கிழிஞ்சு தொங்குச்சு. நானே வரைஞ்சுக்கிடுறேன்னேன். காடாத் துணியில லேபிள் ஒட்டுற பசையை ரெண்டு பூச்சுப் பூசி, வெயில்ல காயவச்சு, அது மேல வரையணும். கலரைத் தடிமனாப் போடக்கூடாது. சுருட்டுறப்ப வெடிச்சு உதிர்ந்துரும். பெரிய ஆர்ட்டிஸ்டுகளுக்கே அது தெரியாது, ஏன்னா அவுக படத்தைச் சுருட்டித் தோள்ல வச்சு ஆனைக்குட்டம் வரைக்கும் நடந்ததில்லை. பன்னெண்டு துணியையும் மேலே ஒரே கம்புல சேர்த்துத் தைச்சேன். ஒண்ணைச் சொல்லி முடிச்சதும் அதைப் பின்னால தள்ளிவிட்டா அடுத்தது தெரியும்.

படம் காட்டுறதுக்கு முறை இருக்கு. வேப்பமரத்துக் கிளையில, இல்லைன்னா வாசல் பந்தக்கால்ல கட்டணும். படத்துக்கு இடப்பக்கம் நிக்கணும், நிழல் படத்து மேல விழக்கூடாது. விரலை நீட்டக்கூடாது, குச்சிதான். விரிச்ச உடனே கதையை ஆரம்பிக்கக்கூடாது. "இதுல என்ன தெரியுது?"ன்னு கேட்டுட்டுச் சும்மா நிக்கணும். ஒருத்தி ஆடுங்கா. ஒருத்தி அந்த ஆடு சினைங்கா. அவுக பார்த்து முடிச்ச பெறகுதான் நாம வாயைத் திறக்கணும். இன்னைக்குத் திரை கட்டுறவுகளுக்குச் சும்மா நிக்கத் தெரியலை. படத்தைப் போட்ட அதே நொடியில பாட்டையும் போட்டு, சனங்க கண்ணையும் காதையும் ஒண்ணா அடைச்சுருதாக.

கடைசி முறைதான் பெரிய முறை. கதை முடிஞ்சதும் சட்டுன்னு சுருட்டிரணும். யாரும் கையெடுத்துக் கும்பிடுறதுக்குள்ள சுருட்டிரணும். எங்க சபையில படம் பாடத்துக்குத்தான், பூசைக்கு இல்லை. எனக்கு முந்தி இருந்த ஒரு பைபிள் உமன் ஒரு ஊருல படத்தை மறந்து வச்சுட்டு வர, அடுத்த வாரம் போய்ப் பார்த்தா அதுக்கு முன்னால சேவல் அறுத்திருக்காக. அதுல இருந்து எங்க சூப்பரண்டு அம்மா இதுல ரொம்பக் கறாரு.

அவுகளைப் பத்திச் சொல்லணும். பயிற்சிப் பள்ளியில டீச்சரா இருந்துட்டு வந்தவுக, பைபிள் உமன்களுக்கெல்லாம் மேலே. ஊருக்குள்ள வந்தா எந்த வீட்டுலயும் உக்கார மாட்டாக. கைக்குட்டையை நாலா மடிச்சு விரிச்சு, அதுல வேதத்தை வச்சுட்டு, அவுக நின்னுக்கிட்டே இருப்பாக. பேசுறது பாதி டிக்டேஷன் மாதிரி இருக்கும். வாக்கியம் முடிஞ்சா குடைக் காம்பால தரையில ஒரு தட்டு. அது முற்றுப்புள்ளி, அதுக்கு மேல யாரும் பேசக்கூடாது. திட்டுறப்ப கண்ணை மூடிக்கிடுவாக, நம்ம முகத்தைப் பார்த்தா இரக்கம் வந்துரும்னு பயம் போல. என் துணிப் படத்தை முதல்ல கொண்டுபோய்க் காட்டினப்ப, "இயேசுவை ஏன் இப்படிக் கறுப்பாப் போட்டிருக்கே?"ன்னாக.

"வெயில்ல நடந்தவருதானம்மா."

கண்ணை மூடினாக. குடை தட்டுச்சு. ஆனா படத்தைத் தள்ளலை, ஏன்னா இலவசம்.

"ஞானப்பூ, படம் ஏணி. ஏறினதும் ஏணியை எடுத்துரணும்"னு அடிக்கடி சொல்லுவாக. மேலே ஏறினவ எப்படி இறங்குவான்னு நான் கேட்கலை. மாசக் கடைசியில நோட்டைக் காட்டணும். எந்த ஊரு, எத்தனாவது படம், எத்தனை பேர், அதுல யாரு மனந்திரும்ப ஆயத்தமா இருக்கா. படம் ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வரிசையாத்தான் போகணும். ஊரு எப்படி இருந்தாலும் வரிசை மாறக்கூடாது.

அந்த வரிசையாலதான் நான் கெட்டேன்.

சாத்தூர் பக்கம் ஒரு ஊரு, பேரு வேண்டாம். பாதி வீட்டுப் பொம்பளைக பட்டாசுக் கம்பெனிக்குப் போறவுக. தீபாவளி சீசன்ல அங்கன ஒரு ரூம் வெடிச்சுருச்சு. அந்த ஊர்ப் பிள்ளை முத்துமாரி, பதினெட்டு வயசு, உள்ள இருந்தா. ஆஸ்பத்திரியில இருந்து வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டாந்து அப்படியே புதைச்சாக. ஆத்தாக்காரி பேச்சியம்மாளுக்கு முகத்தைக் காட்டலை. காட்ட முகம் இல்லைன்னு பெரியவுக முடிவு பண்ணிட்டாக.

அது நடந்து ஒரு வாரம், என் முறை வந்துச்சு. போன தடவை அந்த ஊருக்குப் பதினோராவது படம் சொல்லியிருந்தேன். இப்ப பன்னெண்டு. மேல்வீட்டறையில கூடியிருக்க சீஷர்கள் தலை மேல நாக்கு நாக்கா நெருப்பு இறங்குற படம். பரிசுத்த ஆவி வந்த நாளு. நான் யோசிக்காமப் போனேன்னு யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸுல போறப்பவே யோசிச்சேன். வரிசை மாறினா நோட்டுல கேள்வி வரும்னு பயந்தேன். முப்பது வருசத்துல நான் என்னையக் காறித் துப்புற இடம் அது ஒண்ணுதான்.

விரிச்சேன். முறைப்படி, "இதுல என்ன தெரியுது?"ன்னு கேட்டேன்.

ஒருத்தி மட்டும் "நெருப்பு"ன்னா.

பேச்சி பின்னால சுவரோட சாஞ்சு கிடந்தா. நாத்தனா சண்முகத்தாய் கூட்டியாந்து உக்கார வச்சிருந்தா. தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தா. "தலை மேலேயே எரியுது. ஒரு முடிகூடக் கருகலையே. இவுகளை ஏன் சுடலை?"

"அது தேவனோட நெருப்பு பேச்சி. சுடாது."

"அப்ப எம்மகளைச் சுட்டது யாரு நெருப்பு?"

ஆறு மாசம் மனப்பாடம் பண்ணின வசனத்துல ஒண்ணுகூட வாயில வரலை. சண்முகத்தாய்தான் எந்திரிச்சா. "படக்காரம்மா, சுருட்டிக்கிட்டுக் கிளம்புங்க. ஊரே வெந்து கிடக்கு, நீங்க நெருப்பைக் கொண்டாந்து விரிக்கிறீக."

சூப்பரண்டு அம்மாகிட்ட போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாக. "உன் பதில் சரியில்லை. அது அபிஷேகத்தின் அக்கினி. இது உலகத்தின் அக்கினி. அடுத்த வாரம் அதே படத்தை வைத்து இதை விளக்கிச் சொல்."

"வெந்தவுகளுக்கு ரெண்டும் ஒரே சூடுதானம்மா"ன்னேன்.

குடை தட்டுச்சு.

அடுத்த வாரம் படத்தை எடுக்காம வெறுங்கையோட போனேன். பேச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. சண்முகத்தாய் வாசல்லயே என்னை நிறுத்தி, "சோத்தைக் கண்டாத் திரும்பிப் படுத்துக்கிடுறா. கஞ்சித் தண்ணியை உதட்டுல நனைக்கிறேன், அதையும் துப்புறா. இவளையும் தூக்கிக் கொடுக்கப் போறோம்"னா.

நான் பேச்சி பக்கத்துல உக்காந்தேன். அவ திரும்பாமலே பேசினா. "படக்காரம்மா, எம்பிள்ளை முகம் மறந்துபோச்சு. கண்ணை மூடுனா அந்த வெள்ளைத் துணிதான் வருது. ஒரு போட்டாகூட இல்லை. நீங்க எல்லாரு முகமும் போடுறீகளே, அவ முகத்தைப் போட்டுத் தாங்க."

மிஷன் வேலையில இருந்துக்கிட்டு வேதப் படம் தவிர வேற வரையக்கூடாது. அதை அவகிட்டச் சொல்லலை. சிவகாசிக் காகிதத்துக்கா பஞ்சம், அச்சாபீசுல கழிச்சுப் போட்ட காலண்டர்த் தாளைக் கொண்டுபோய், பின்பக்கம் கரிக்குச்சியால வரைய ஆரம்பிச்சேன். நான் அந்தப் பிள்ளையைக் கூட்டத்துல ரெண்டு மூணு தடவைதான் பார்த்திருக்கேன். பேச்சி சொல்லச் சொல்லப் போட்டேன். நெத்தி அம்புட்டு அகலம் இல்லைம்பா. அழிப்பேன். புருவம் சேராதும்பா. பிரிப்பேன்.

மூக்குக்கு வந்தப்ப சண்டை வந்துருச்சு.

"அவளுக்கு எங்க அப்பன் மூக்கு, இன்னும் கூராப் போடுங்க"ன்னா பேச்சி.

"ஆமா, இது உங்க அப்பன் மூக்குதான். அவ மூக்கு எங்க அண்ணன் மூக்கு. நுனி உருண்டைதான் இருக்கும்"னா சண்முகத்தாய்.

"பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்."

"பேன் பார்த்தவ நானு. மடியில போட்டு வருசம் பூராப் பார்த்த மூக்கு."

பேச்சி கோவத்துல எந்திரிச்சு உக்காந்தா. மகளைப் புதைச்ச நாள்ல இருந்து தானா எந்திரிக்காமக் கிடந்தவ, மூக்குக்காக எந்திரிச்சு உக்காந்தா. நான் ரெண்டு மூக்கும் போட்டுக் காட்டினேன். பேச்சி உத்துப் பார்த்துட்டு, "இவ சொல்லுறதுதான் சரி"ன்னு முணங்கினா.

நாலு தடவை போனேன். கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் சரின்னா. ஆனாலும் அவ இல்லைன்னா. எது குறையுதுன்னு அவளுக்கே சொல்லத் தெரியலை. கடைசியில சண்முகத்தாய்தான் சொன்னா. காதோரம், முடி இறங்குற இடத்துல, அலுமினியப் பவுடர் படிஞ்சு வெள்ளி மாதிரி மினுங்குமாம். எம்புட்டுத் தேய்ச்சுக் குளிச்சாலும் போகாதாம். பட்டாசு வேலைக்குப் போற பிள்ளைக எல்லாத்துக்கும் எங்கயாவது இருக்கும் அது. கரியில வெள்ளி வராது. தாளை வீட்டுக்குக் கொண்டாந்தேன்.

என் படத்துல அஞ்சாவது யவீரு மகள். செத்துக் கிடக்க பிள்ளையை ஆண்டவரு கையைப் பிடிச்சு எழுப்புறாரே, அது. உண்மையைச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு நான் முகமே போட்டிருக்கலை. கண்ணு இருந்துச்சு, வாயி இருந்துச்சு, யாரும் இல்லாத முகம். அதை மேலாப்புல சுரண்டி எடுத்துட்டு முத்துமாரியைப் போட்டேன். கலரை மெல்லிசாத்தான் போட்டேன். காதோரம் மட்டும் ஒரு பொட்டு வெள்ளி.

கொண்டுபோய்ப் பேச்சி வீட்டுக்குள்ளேயே கட்டி விரிச்சேன். என்ன தெரியுதுன்னு கேட்க வேண்டியிருக்கலை. அவ வாயைப் பொத்திக்கிட்டா. சண்முகத்தாய் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, "மாரி"ன்னா.

கதையைச் சொன்னேன். வீடு பூரா ஒப்பாரி வச்சதை, ஆண்டவரு எல்லாரையும் வெளிய போகச் சொன்னதை, கையைப் பிடிச்சு, பிள்ளை எந்திரின்னதை. கடைசியில ஒரு வரி இருக்கு. எந்திரிச்ச பிள்ளைக்குச் சாப்பிட எதாச்சும் கொடுங்கன்னாரு. பிரசங்கம் பண்ணுறவுக அந்த வரியை விழுங்கிருவாக. நானும் வேகமாச் சொல்லிட்டுச் சுருட்டுறவதான். பேச்சி அதைப் பிடிச்சுக்கிட்டா.

"என்ன கொடுக்கச் சொன்னாரு?"

"அது எழுதலை."

"மாரிக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உசுரு"ன்னா. சொல்லிட்டுப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா.

சுருட்டியிருக்கணும். நான் கம்புல தைச்சிருந்த நூலைப் பிரிச்சு, அந்த ஒரு துணியை மட்டும் அவ வீட்டு ஆணியில மாட்டிட்டு, மிச்சம் பதினொண்ணைச் சுருட்டிக்கிட்டு வந்தேன்.

அதுக்காக என்னை என்ன செஞ்சாகன்னு இப்பவே சொல்லிடுறேன், அது பெரிய விசயம் இல்லை. மல்லாங்கிணறு பக்கம் மாத்தினாக. அங்கன சீமைப் படம்தான் காட்டணும், நான் வரையக்கூடாதுன்னு உத்தரவு போட்டாக. வேலை முடிஞ்சு நின்னப்ப மத்தவுகளுக்குப் போட்ட சால்வை எனக்கு இல்லை. எங்க ஊரு வெயிலுக்குச் சால்வையைப் போட்டு நான் என்ன செய்யப்போறேன்.

நடந்தது இதுதான். மாசக் கடைசியில சூப்பரண்டு அம்மா என் படத்தை ஒவ்வொண்ணாத் தள்ளி எண்ணினாக. பதினொண்ணு. அஞ்சாவது எங்கேன்னாக. பொய் சொல்ல எனக்கு வராது. மறுநாளே என்னையும் கூட்டிக்கிட்டு அந்த ஊருக்கு வந்தாக.

நாங்க போனப்ப உச்சி வேளை. பேச்சி வீட்டுல படம் மாட்டின இடத்துல, பிள்ளை நெத்தியில குங்குமம் வச்சிருந்தா. ஆண்டவருக்கு வைக்கலை, பிள்ளைக்கு மட்டும்தான். கீழே ஓலைப்பெட்டியில ஒரு பாவாடை, கண்ணாடி வளையல். கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ளையைக் கன்னின்னு வீட்டுல வச்சுக் கும்பிடுறது எங்க பக்கத்து வழக்கம். படத்துக்கு முன்னால தட்டுல சோறும் கருவாட்டுக் குழம்பும்.

சூப்பரண்டு அம்மா கைக்குட்டையை விரிக்கலை. வேதத்தைக் கையிலேயே வச்சுக்கிட்டு நின்னாக. "ஞானப்பூ, நீ நற்செய்தி சொன்னாயா, கன்னி சாமி வரைந்து கொடுத்தாயா?"

நான் பேச வாயெடுக்கிறதுக்குள்ள ஆணியில இருந்து துணியைக் கழட்டிச் சுருட்டிட்டாக. பேச்சி தட்டைச் சுவர்ப் பக்கமாத் தள்ளிட்டு, முட்டியில முகத்தை வச்சுக்கிட்டா.

"தாயி, அதை எடுத்துட்டா இவ சாப்பிட மாட்டா. தினமும் பிள்ளைக்கு வச்சுட்டு, பெறகு அதையேதான் இவ சாப்பிடுதா. இப்பத்தான் எந்திரிச்சு நடமாடுதா"ன்னா சண்முகத்தாய்.

"இது விக்கிரக ஆராதனை"ன்னாக அம்மா. குடையைத் தட்டினாக. சாணி மெழுகின தரை, சத்தம் வரலை.

பேச்சி முகத்தைத் தூக்காமச் சொன்னா. "சாப்பாடு கொடுக்கச் சொன்னது உங்க சாமிதானம்மா."

அம்மா கண்ணை மூடினாக. குடையைத் தட்டலை. பதில் தேடுறாகன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு, ஏன்னா அந்த இடத்துல நானும் ஒரு தடவை நின்னிருக்கேன். நான் அவுக கையில இருந்து துணியை வாங்கினேன். பிடுங்கலை, வாங்கினேன். விரல் தளர்ந்துதான் இருந்துச்சு. திரும்ப ஆணியில மாட்டி, ஓரத்தை நீவிவிட்டேன்.

பேச்சி தட்டை இழுத்து என் பக்கம் வச்சா. "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க படக்காரம்மா. எம்பிள்ளையைக் கொண்டாந்தவுக."

படைச்சதை எங்க சபையில சாப்பிட மாட்டோம். பிறந்ததுல இருந்து நான் சாப்பிட்டதில்லை. கீழே உக்காந்தேன்.

"ஞானப்பூ, அது படைத்தது"ன்னாக அம்மா.

நான் பிசைஞ்சு ஒரு வாய் வச்சேன். "ஆமாம்மா. உப்புதான் கொஞ்சம் கம்மி"ன்னேன்.

பேச்சி எந்திரிச்சுப் போய் உப்பு எடுத்துக்கிட்டு வந்தா.